விம்மில் சேமித்த வரிகள் ஐடிஇ-க்குள் ஏன் காணாமல் போகின்றன?

வாசகர் ஒருவரின் கேள்வி: "ஜாவா வேலைக்கு இன்டெல்லிஜே ஐடியா என்ற ஐடிஇ-யை (புரோகிராம் எழுதவும் ஓட்டவும் உதவும் மென்பொருள்) பயன்படுத்துகிறேன். ஆனால் கை பழகியது விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில். ஒரு ஷார்ட்கட்டை அழுத்தினால் ஐடியாவில் திறந்திருக்கும் ஃபைல் ஜிவிம்மில் (தனி ஜன்னலில் ஓடும் விம்) திறக்கும்படி செய்துவிட்டேன். எப்போதும் முதல் வரியில்தான் திறக்கிறது. அதைவிட மோசம், விம்மில் எழுதிச் சேமித்த வரிகள் சில சமயம் காணாமல் போகின்றன. எல்லாவற்றையும் சரியாக இணைத்துத் தரும் செட்டப் பேக் ஒன்றை ஒருவர் பணத்துக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். அவர் தரப்போவது நான்கைந்து செட்டிங்குகள்தான். அவற்றைக் கீழே சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருப்பவை.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு விம் என்ற புரோகிராமே வேண்டுமா, அல்லது விம்மின் கீ பழக்கம் போதுமா? கீ பழக்கம் போதும் என்றால் ஐடியாவிம் பிளகின் இருக்கிறது. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனமே பராமரிக்கும் இலவசப் பிளகின். மோட், மோஷன், மேக்ரோ எல்லாம் அதில் உண்டு. ஃபைல் ஒரே இடத்தில் திறந்திருக்கும் என்பதால் நீங்கள் சொல்லும் இழப்புக்கு அங்கே வழியே இல்லை. உங்கள் சொந்த ஸ்கிரிப்டுகளும் விம் பிளகின்களும் இல்லாமல் வேலை ஓடாது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

வரிகள் ஏன் போகின்றன? ஐடிஇ ஒரு ஃபைலைத் திறக்கும்போது அதன் நகல் ஒன்றை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. விம்மும் அதே ஃபைலைத் திறந்து தன் நகலை வைத்துக்கொள்கிறது. ஒரே கணக்கு நோட்டை இரண்டு பேர் தனித்தனியாக நகலெடுத்து வைத்துக்கொண்டு, கடைசியில் யார் நகல் மேலே வைக்கப்படுகிறதோ அதுவே கணக்கு என்றால் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடக்கிறது. டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் ஒன்று, நகல்கள் இரண்டு. கடைசியாகச் சேமிப்பவர் எழுதியது நிற்கும், மற்றது போகும்.

ஐடியா இதைக் கவனிக்காமல் விடுவதில்லை. தன் நகலிலும் சேமிக்காத மாற்றம் இருந்து, டிஸ்க்கிலும் ஃபைல் மாறியிருந்தால், ஃபைல் கேஷ் கான்ஃப்ளிக்ட் என்ற பெயரில் ஒரு பெட்டியைக் காட்டுகிறது. அதில் மூன்று வழிகள் உண்டு: டிஸ்க்கில் இருப்பதை ஏற்றுவது, நினைவகத்தில் இருப்பதை வைத்துக்கொள்வது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது. நீங்கள் அவசரத்தில் இரண்டாவதை அழுத்தியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அழுத்திய கணத்தில் விம் எழுதியது போயிற்று. வேலை நடுவே, இரண்டு சொற்றொடரில், எது அழியும் என்று சொல்லாமல் இப்படி ஒரு கேள்வி கேட்பது முறையே இல்லை. 'இதை அழுத்தினால் வெளியில் எழுதிய மாற்றங்கள் அழியும்' என்று ஒரு வரி சேர்க்க என்ன கஷ்டம்? அது வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியது, எப்போதும் வித்தியாசத்தைப் பார்க்கும் மூன்றாவது பொத்தானை அழுத்துவதுதான். பதில் தெரியாதபோது மற்ற இரண்டையும் தொடாதீர்கள்.

இந்தப் பெட்டி வராமலே இருக்க வழி உண்டு. செட்டிங்ஸில் அப்பியரன்ஸ் அண்ட் பிஹேவியர், அதற்குள் சிஸ்டம் செட்டிங்ஸ் என்று போங்கள். அங்கே இரண்டு தேர்வுகள் இருக்கும். வேறு அப்ளிகேஷனுக்கு மாறும்போது ஃபைல்களைச் சேமிப்பது ஒன்று. ஐடிஇ ஜன்னலுக்குத் திரும்பும்போது வெளியில் நடந்த மாற்றங்களை எடுத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். இவற்றின் வாசகத்தைப் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இதனாலேயே பழைய வழிகாட்டிகளைப் படிப்பவர்கள் தேடித் தவிக்கிறார்கள். பெயர் எப்படி மாறினாலும் தேட வேண்டிய பொருள் இதுதான்: போகும்போது சேமி, வரும்போது புதுப்பி.

விம் பக்கத்திலும் இதற்குச் சமமானது ஒன்று உண்டு. விம்மின் செட்டிங்குகள் இருக்கும் விம்ஆர்சி ஃபைலில் செட் ஆட்டோரீட் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். விம்மில் நீங்கள் எதுவும் மாற்றாத நிலையில் ஐடிஇ அந்த ஃபைலை மாற்றினால், ஜிவிம் ஜன்னலுக்கு வந்ததும் அது தானாகவே புதியதைப் படித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் டபிள்யூ-12 என்ற எண்ணோடு எச்சரிக்கை வரும். அந்த நேரத்தில் லோட் பொத்தானை அழுத்தினால் விம்மில் எழுதியது போகும். ஓகே மட்டும் அழுத்திவிட்டு, விம்மில் இருப்பதை வேறு பெயரில் ஒரு ஃபைலாகச் சேமித்துக்கொண்டு, பிறகு நிதானமாக ஒப்பிடுங்கள்.

ஐடிஇ எப்போது நீங்கள் கேட்காமலே ஃபைலை மாற்றும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சேமிக்கும்போது புரோகிராம் வரிகளை ஒழுங்குபடுத்துவது, இம்போர்ட் வரிகளைச் சீர்செய்வது போன்றவற்றை ஆக்‌ஷன்ஸ் ஆன் சேவ் பகுதியில் ஆன் செய்திருந்தால், சேமிக்கும்போதெல்லாம் ஃபைல் மாறக்கூடும். ஒரு கிளாஸின் பெயரை ஐடிஇ மூலம் மாற்றினால் பத்து ஃபைல்கள் ஒரே நேரத்தில் மாறும். அதனால் பெயர் மாற்றம், மெத்தட் பிரித்தெடுப்பு போன்ற வேலைகளுக்கு முன்னால் ஜிவிம்மில் திறந்திருப்பவற்றைச் சேமித்து மூடிவிடுங்கள். கோட் மாற்றங்களை ஒவ்வொரு கட்டமாக (கமிட்) பதிந்து வைக்கும் கிட்டில் கிளை மாறுவதற்கு முன்னாலும் அப்படியே.

ஏற்கெனவே போன வரிகளைத் தேட வேண்டுமென்றால், ஐடியாவில் அந்த ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து லோக்கல் ஹிஸ்டரியைப் பாருங்கள். கிட்டில் கமிட் செய்யாத நிலைகளையும் அது கொஞ்ச நாள் வைத்திருக்கும். ஜிவிம்மை இன்னும் மூடவில்லை என்றால் யு கீயை அழுத்திப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். இரண்டிலும் கிடைக்கவில்லை என்றால் திரும்ப எழுதுவதைத் தவிர வழி இல்லை.

சரி, முதல் வரிப் பிரச்சினை. செட்டிங்ஸ், டூல்ஸ், எக்ஸ்டர்னல் டூல்ஸ் என்று போய் நீங்கள் ஏற்கெனவே சேர்த்த ஜிவிம் பதிவைத் திறங்கள். ஆர்க்யுமென்ட்ஸ் பெட்டியில் ஃபைலின் பாதையை மட்டும் கொடுத்திருப்பீர்கள். வரி எண்ணையும் கொடுக்க வேண்டும். வரிசை இதுதான்: முதலில் இரண்டு ஹைஃபனோடு ரிமோட்-சைலன்ட், அடுத்து ஒரு கூட்டல் குறி, அதை ஒட்டியே இடைவெளி இல்லாமல் லைன்நம்பர் மேக்ரோ (இங்கே மேக்ரோ என்பது ஐடியா உண்மையான மதிப்பை நிரப்பும் இடக்குறி), கடைசியில் ஃபைல்பாத் மேக்ரோ. மேக்ரோக்களைக் கையால் டைப் செய்யாதீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் இன்செர்ட் மேக்ரோ இருக்கிறது, பட்டியலில் தேர்ந்தெடுத்தால் டாலர் குறிகளோடு அதுவே சரியாக எழுதிக்கொள்ளும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. ரிமோட்-சைலன்டுக்குப் பின்னால் வருவதையெல்லாம் விம் ஃபைல் பெயராகவே எடுத்துக்கொள்ளும். கூட்டல் குறி முதலாவதாக வந்தால்தான் அது வரி எண் என்று புரிந்துகொள்ளும். ரிமோட்-சைலன்ட் போடுவதால் ஒவ்வொரு முறையும் புது ஜன்னல் திறக்காமல், ஏற்கெனவே ஓடும் ஜிவிம்மிலேயே ஃபைல் வந்து நிற்கும்.

அதே பக்கத்தில், வேலை முடிந்ததும் ஃபைல்களை ஒத்திசைக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். ரிமோட்-சைலன்டில் கட்டளை உடனே முடிந்துவிடுகிறது. நீங்கள் விம்மில் முதல் எழுத்தை அடிப்பதற்கு முன்பே அந்த ஒத்திசைவு நடந்து முடிந்திருக்கும். உங்களைக் காப்பது ஜன்னல் மாறும்போது நடக்கும் புதுப்பிப்புதான்.

வரிக்குள் எத்தனையாவது இடம் என்று சொல்லும் காலம் (column) எண்ணையும் அனுப்பலாமே என்று தோன்றும். வேண்டாம். புரோகிராமுக்குள் தமிழ் வாசகங்கள் இருந்தால் ஒவ்வொரு எடிட்டரும் ஒரு கணக்குச் சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட், 'கி' ஆறு பைட். பைட்டை எண்ணும் புரோகிராமும் எழுத்தை எண்ணும் புரோகிராமும் ஒரே இடத்துக்கு வெவ்வேறு எண் தரும். வரி சரியாக வந்தால் போதும்.

இதுவரை சொன்ன அமைப்பில் எடிட்டரைத் திறந்ததும் கட்டளை முடிந்துவிட வேண்டும், ஐடிஇ அதற்காகக் காத்திருக்கக்கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது கிட். இதில் தடுமாறாதவர்களைப் பார்ப்பது அரிது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டெர்மினலில் கமிட் அடித்தால் கிட் ஒரு எடிட்டரைத் திறந்து, அது மூடப்படும்வரை காத்திருந்து, பிறகு நீங்கள் எழுதிய செய்தியைப் படிக்கும். எடிட்டர் கட்டளை உடனே முடிந்துவிட்டால், நீங்கள் எழுதி முடித்ததாகவே கிட் எடுத்துக்கொள்ளும். புதிய கமிட் என்றால் செய்தி காலியாக இருப்பதால் கமிட்டைக் கைவிட்டதாகச் சொல்லி நின்றுவிடும். அதில் நஷ்டமில்லை. ஆபத்து மற்ற இடங்களில். பழைய கமிட்டைத் திருத்தும் அமெண்டில் செய்தி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். எடிட்டர் உடனே முடிந்தால் பழைய செய்தியோடே கமிட் ஆகிவிடும், பிழை எதுவும் காட்டாது. பழைய கமிட்டுகளை ஒரு பட்டியலில் வைத்து மாற்றியமைக்கும் இன்டராக்டிவ் ரீபேஸும் இப்படித்தான். செய்ய வேண்டிய பட்டியல் முன்கூட்டியே நிரம்பியிருக்கும். நீங்கள் ஜிவிம்மில் அந்தப் பட்டியலை மாற்றிக்கொண்டிருக்கும்போதே, கிட் பழைய பட்டியலின்படி வேலையை முடித்து, ரீபேஸ் வெற்றி என்று எழுதியிருக்கும். நீங்கள் சேமித்ததை யாரும் படிக்கப்போவதில்லை.

ஆகவே கிட்டுக்கு மட்டும் தனி அமைப்பு வேண்டும். கிட்டின் கோர் டாட் எடிட்டர் மதிப்பில் ஜிவிம்முக்குப் பின்னால் இரண்டு ஹைஃபனோடு நோஃபோர்க் என்று சேர்த்துவிடுங்கள். ரிமோட்-சைலன்ட் அங்கே வரவே கூடாது. விஎஸ் கோட் எடிட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு ஹைஃபனோடு வெயிட் என்று சேர்க்க வேண்டும். ஈமேக்ஸ் எடிட்டரின் ஈமேக்ஸ்கிளையன்ட் இயல்பாகவே காத்திருக்கும், காத்திருக்க வேண்டாம் என்று சொல்லும் ‘-n’ குறி இருந்தால் அதை நீக்கினால் போதும். மதிப்பை மாற்றியும் பழையபடியே நடந்தால், கிட் எடிட்டர் என்ற சூழல் மாறி ஏதாவது அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். கிட் அதைத்தான் முதலில் பார்க்கும். அப்புறம்தான் கோர் டாட் எடிட்டர், அதன் பிறகு விஷுவல், எடிட்டர் என்ற இரண்டு மாறிகள். ரீபேஸ் பட்டியலுக்குத் தனியாக சீக்வென்ஸ் எடிட்டர் ஒன்றும் அமைக்க முடியும், யாராவது முன்பு அமைத்து வைத்திருந்தால் அதுவும் குழப்பும். ஐடியாவின் கமிட் ஜன்னலிலேயே செய்தியை எழுதுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி அந்த செட்டப் பேக். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனாலும் அவர் தருவதில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். ஒரு விம்ஆர்சி, ஒரு ஜிப்பில் சில பிளகின்கள், எக்ஸ்டர்னல் டூல்ஸ் பதிவுகள். இந்த மூன்றும் வெறும் அலங்கார அமைப்புகள் அல்ல. விம்ஆர்சி ஷெல் கட்டளைகளை ஓட்டும். எக்ஸ்டர்னல் டூல் பதிவே ஒரு கட்டளைதான். ஐடிஇ பிளகின் உங்களுக்கு இருக்கும் எல்லா உரிமையோடும் ஓடும், உங்கள் நிறுவனத்தின் சோர்ஸ் கோட் ஃபைல்களையும் கணினியில் இருக்கும் சாவி ஃபைல்களையும் அதனால் படிக்க முடியும். 2019-ல் விம்மில் மோட்லைன் (ஃபைலுக்குள்ளேயே விம்முக்கான செட்டிங்கை எழுதுவது) வசதியில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். தந்திரமாக எழுதிய ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தாலே கட்டளை ஓடும் அளவுக்கு அது மோசம். அதைத் திருத்திவிட்டார்கள். ஆனால் முன்பின் தெரியாதவர் தரும் கான்ஃபிக் ஃபைலை நீங்களே விரும்பி நிறுவினால் எந்தத் திருத்தமும் உங்களைக் காப்பாற்றாது.

இப்படிப்பட்ட பேக்குகளில் வாழ்நாள் லைசென்ஸ், ஆக்டிவேஷன் கோட் என்றும் சேர்த்து விற்பார்கள். விம் இலவசம். ஐடியாவிம் இலவசம். ஐடியாவும் ஜாவா வேலைக்கு இலவசமாகவே கிடைக்கிறது. கூடுதல் வசதிகளுக்கு மட்டும்தான் ஜெட்பிரெயின்ஸ் சந்தா கேட்கிறது, மாணவர்களுக்கு அதையும் இலவசமாகத் தருகிறது. நடுவில் ஒருவருக்குப் பணம் போக இதில் இடமே இல்லை. இவர்கள் பெருகுவதற்கு ஐடிஇ செய்பவர்களும் பொறுப்பு. வேறு எடிட்டரோடு இணைப்பதை ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதி வைத்திருந்தால் யாரும் இதைக் காசுக்குத் தேடிப் போகமாட்டார்கள். விம்முக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால், அதை உருவாக்கிய பிராம் மூலெனார் உகாண்டா குழந்தைகளுக்கு உதவச் சொல்லித்தான் கேட்டார். விம்மைத் திறந்ததும் வரும் முதல் திரையிலேயே அந்த வேண்டுகோள் இருந்தது.

எல்லாம் அமைத்த பிறகு, உண்மையான வேலையில் இறங்கும் முன், தேவையில்லாத ஒரு ஃபைலை வைத்துச் சோதியுங்கள். ஐடியாவில் நடுவே ஒரு வரிக்குப் போய் ஒரு கமென்ட் எழுதுங்கள், சேமிக்காமல் ஷார்ட்கட்டை அழுத்துங்கள். ஜிவிம் அதே வரியில், அந்தக் கமென்டோடு திறக்க வேண்டும். அங்கே இன்னொரு கமென்ட் சேர்த்துச் சேமித்துவிட்டு ஐடியாவுக்குத் திரும்புங்கள். எந்தக் கேள்வியும் கேட்காமல் இரண்டு கமென்டும் தெரிய வேண்டும். முதல் கமென்ட் ஜிவிம்மில் வரவில்லை என்றால் சேமிக்கும் தேர்வு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது ஐடியாவில் வரவில்லை என்றால் புதுப்பிக்கும் தேர்வைப் பாருங்கள். பிறகு டெர்மினலில் ஒரு அமெண்ட் அடித்துப் பாருங்கள். ஜிவிம்மை மூடும்வரை டெர்மினல் அசையாமல் நிற்க வேண்டும்.