ரிவால்வர் குழலில் ஈயம் ஒட்டுகிறது: வார்ப்புக் குண்டை இன்னும் கெட்டியாக்க வேண்டுமா?

.44 மேக்னம் ரிவால்வருக்கு நீங்களே குண்டு வார்த்து, நீங்களே தோட்டா கட்டுகிறீர்கள். கொஞ்சம் சுட்டதுமே குழலுக்குள் ஈயம் படிந்து, குண்டுகள் இலக்கில் சிதறுகின்றன. லினோடைப் (அச்சு எழுத்து வார்க்கும் கெட்டியான ஈயக் கலவை) கலந்து கெட்டியாக வார்க்கலாமா, பவுடரைக் கூட்டுவதா குறைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குக் கலவையையும் தொட வேண்டாம், பவுடரையும் தொட வேண்டாம். முதலில் அளவெடுங்கள். பல வருடங்களாக வார்ப்புக் குண்டு மட்டுமே சுடுகிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்: ஈயம் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் குண்டின் பருமன்தான். கெட்டித்தன்மையைப் பற்றிய கவலை அதற்கு அப்புறம்தான் வர வேண்டும்.

குண்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கொதிக்கும் வாயு அதன் வழியே பீறிட்டுப் போகும். போகும்போது குண்டின் விளிம்பை அரித்து உருக்கி, அந்த ஈயத்தைக் குழலின் சுவரில் அப்பிவிடும். அடுத்து வரும் குண்டு அதை இஸ்திரி போட்டதுபோல் தேய்த்து ஒட்டவைக்கும். இந்த இடைவெளியை அடைப்பதுதான் நம் வேலை. ரிவால்வரில் அது எங்கே அடைபட வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எல்லோரும் குழலைத்தான் அளக்கிறார்கள். ஆனால் குண்டு குழலைத் தொடுவதற்கு முன்பே சிலிண்டர் அறையின் முன்பக்கத்துக் குறுகலான பகுதியை, அதாவது த்ரோட்டைக் கடந்தாக வேண்டும். அது குழலின் பள்ள அளவைவிட (உள்ளே சுருளாக வெட்டிய பள்ளங்களின் அடிக்கு அடி விட்டத்தைவிட) சிறியதாக இருந்தால், நீங்கள் எவ்வளவு பெரிய குண்டு போட்டாலும் அங்கேயே நசுங்கி இளைத்துத்தான் குழலுக்குள் போகும். அதற்குப் பிறகு எந்தக் கலவையாலும் காப்பாற்ற முடியாது.

.44 மேக்னம் குழலின் பள்ள விட்டம் பொதுவாக 0.429 அங்குலம். வார்ப்புக் குண்டை 0.430 அல்லது 0.431 அளவுக்குச் சைஸ் செய்வது, அதாவது அச்சுத் துளை வழியே தள்ளிச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். ஆனால் இது காகிதத்துக் கணக்கு. உங்கள் துப்பாக்கியின் கணக்கு வேறாக இருக்கலாம். ஆறு அறைகளையும் பின் கேஜ் (pin gauge, துல்லியமான அளவுக் கம்பி) போட்டுத் தனித்தனியாக அளந்து பாருங்கள். கேஜ் இல்லையென்றால் எளிய வழி ஒன்று உண்டு. சைஸ் செய்த குண்டை வெறும் சிலிண்டரின் முன்பக்கத்திலிருந்து த்ரோட்டில் வைத்து விரலால் அழுத்துங்கள். லேசான தடையோடு வழுக்கிப் போனால் அளவு சரி. தானாக விழுந்தால் குண்டு சிறிது. விரலுக்கு அசையவே மாட்டேன் என்றால் த்ரோட் சிறிது, அல்லது குண்டு பெரிது.

அடுத்து குழல். எண்ணெய் தடவிய குழலில் சுத்தமான மெதுவான ஈயக் கட்டி ஒன்றை மரக்கோலால் தட்டி மெல்ல நகர்த்துங்கள். சட்டகத்தில் மரை திருகப்பட்டிருக்கும் இடத்தில் சில குழல்கள் இறுகிக் குறுகியிருக்கும். ஈயக்கட்டி அங்கே பிடித்து, அதைத் தாண்டியதும் தளர்ந்து போவது கையிலேயே தெரியும். அப்படி இருந்தால் குண்டு அங்கே இளைத்துவிட்டு, மீதிக் குழல் முழுக்கத் தளர்வாக ஓடுகிறது என்று பொருள். அதைச் சரிசெய்வது துப்பாக்கி மெக்கானிக் வேலை. சிறிய த்ரோட்டை ரீம் செய்து அகலப்படுத்துவதும் அவர் வேலைதான். இன்னொன்று: ஐந்து பள்ளமுள்ள குழலில் (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள் பலவும் அப்படித்தான்) தட்டியெடுத்த ஈயக்கட்டியைச் சாதாரண மைக்ரோமீட்டரால் சரியாக அளக்க முடியாது. பள்ளத்துக்கு நேர் எதிரே பள்ளம் இருக்காது. அதற்கு ‘வி’ வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஈயம் ஒட்டுகிறதா? அப்போது நான் சந்தேகப்படுவது கேஸை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டை. தோட்டா கட்டும் டை செட்டுகள் நிறையவற்றில் கேஸின் வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டர், செப்பு உறையுள்ள குண்டுக்காகச் செய்யப்பட்டது. அது கேஸை இறுக்கமாக விட்டுவிடும். 0.431 குண்டை அதில் இறக்கும்போது பித்தளை வென்றுவிடும், குண்டு உள்ளேயே இளைத்துவிடும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. ஒரு தோட்டாவைக் கட்டி முடித்து, சுடாமல், குண்டு பிடுங்கும் சுத்தியலால் குண்டை வெளியே எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். விட்டம் குறைந்திருந்தால், சற்றுப் பெரிய எக்ஸ்பாண்டர் ஒன்றை வாங்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். இந்தச் சோதனையைச் செய்யாமல் கலவை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இனி கெட்டித்தன்மை. சுத்த ஈயம் பிரினெல் என்ற கெட்டித்தன்மை அளவில் சுமார் 5. தொண்ணூறு பங்கு ஈயம், ஐந்து வெள்ளீயம், ஐந்து ஆன்டிமனி சேர்ந்த லைமன் நம்பர் 2 கலவை சுமார் 15. லினோடைப் சுமார் 22. வார்ப்பவர்களிடையே புழங்கும் கணக்கு ஒன்று உண்டு: பிரினெல் எண்ணை 1422 ஆல் பெருக்கினால், குண்டின் அடிப்பகுதி புடைத்து இடைவெளியை அடைக்கத் தேவையான அழுத்தம், சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று தோராயமாகக் கிடைக்கும். லினோடைப்புக்கு அது 31,000 ஐத் தாண்டும். .44 மேக்னத்தின் உச்ச வரம்பே 36,000 தான், அதன் முன்னோடியான .44 ஸ்பெஷல் தோட்டாவுக்கு 15,500. மிதமான தோட்டாவில் லினோடைப் குண்டு புடைக்கவே புடைக்காது. அளவு ஏற்கெனவே சிறிதாக இருந்தால் கெட்டிக் குண்டு நிலைமையை இன்னும் மோசமாக்கும். கடையில் ‘ஹார்ட் காஸ்ட்’ என்று விற்பதை வாங்கிப் போட்டு ஈயம் கூடியதாகப் பலர் சொல்வது இதனால்தான்.

அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் 1920களிலிருந்தே .44 ஸ்பெஷலில் கனமான குண்டுகளை வேகமாகச் சுட்டுப் பார்த்தவர். 1955இல் .44 மேக்னம் பிறந்ததற்கு அவருடைய விடாத வற்புறுத்தல் ஒரு முக்கியக் காரணம். அவர் விரும்பியது பதினாறு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். லினோடைப்பின் பாதிக் கெட்டித்தனம்தான் அதற்கு. வாயுவிலிருந்து காக்கக் குண்டின் அடியில் பொருத்தும் செப்புத் தகடும் கிடையாது. அளவு சரியாக இருந்தால் அதுவே போதும் என்பதற்கு அவர் அனுபவத்தைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஈயம் எங்கே ஒட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். குழலின் தொடக்கத்தில் என்றால் அளவு. வாய்ப்பக்கம் என்றால் குண்டில் தடவிய மசகு பாதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. தேன்மெழுகும் அலாக்ஸ் என்ற மசகுப் பொருளும் சரிபாதி கலந்த பழைய மசகு இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது.

பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். கிரெய்ன் கணக்கு (பவுடரின் எடை அளவு) எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. யாரோ பதிலில் எழுதிய எண்ணைப் பார்த்துத் தோட்டா கட்டவும் கூடாது. அச்சிட்ட கையேட்டில் உங்கள் குண்டின் எடைக்கும் வடிவத்துக்கும் உரிய தொடக்க அளவை எடுங்கள். எடை ஒன்றாக இருந்தாலும் வடிவம் மாறினால், கேஸுக்குள் குண்டு இறங்கும் ஆழம் மாறும். ஆழம் கூடினால் பவுடருக்கான இடம் குறைந்து அழுத்தம் ஏறும். உங்கள் அச்சில் வந்த குண்டை நீங்களே நிறுத்துப் பாருங்கள். கலவை மாறினால் எடையும் மாறும். குண்டு, பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), கேஸ், பவுடர் நான்கில் ஒன்றை மாற்றினாலும் தொடக்க அளவுக்கே திரும்ப வேண்டும். அங்கிருந்து சிறு படிகளாக ஏறி, எங்கே குண்டுகள் நெருங்கி விழுகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். அது பெரும்பாலும் உச்சத்துக்கு வெகு கீழேயே இருக்கும்.

பிரைமர் தட்டையாவதைப் பார்த்து அழுத்தத்தைக் கணிக்கலாம் என்று நம்பாதீர்கள். ரிவால்வரில் அந்த அடையாளம் தெரிவதற்குள் எல்லை எப்போதோ தாண்டப்பட்டிருக்கலாம். வேகமானி வைத்திருந்தால், அதே நீளக் குழலுக்குக் கையேடு சொல்லும் வேகத்தை உங்கள் தோட்டா மிஞ்சும்போது அழுத்தமும் மிஞ்சுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பவுடரைக் குறைப்பதும் எப்போதும் பாதுகாப்பல்ல. ஹெச்110 போன்ற மெதுவாக எரியும் பவுடரை வெளியிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். குறைத்தால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே நின்றுவிடலாம். அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். மறுபக்கம், வேகமாக எரியும் பவுடர் இவ்வளவு பெரிய கேஸின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். தவறி இரண்டு மடங்கு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பழகும் காலத்தில், இருமடங்கு விழுந்தால் கேஸே வழிந்துவிடும் அளவுக்குக் கனபரிமாணமுள்ள நடுத்தரப் பவுடர் நல்லது. குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். இதில் சமரசமே கூடாது.

கிரிம்பை, அதாவது குண்டைப் பிடிக்கக் கேஸின் வாயை உள்ளே மடிப்பதை மறக்காதீர்கள். பின்னுதைப்பில் துப்பாக்கியும் கேஸும் பின்னால் பாயும், கனமான குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பிடி தளர்ந்தால் அது வெளியே நகர்ந்து சிலிண்டரை முட்டிச் சுழலவிடாமல் செய்துவிடும். ஒரு தோட்டாவைச் சுடாமல் கடைசிவரை வைத்திருந்து, அதன் நீளத்தை முன்பும் பின்பும் அளந்தால் கிரிம்ப் போதுமா என்று தெரிந்துவிடும்.

வார்க்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில், பாத்திரம் அதற்கும் மேலே இருக்கும். அதற்குள் விழும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் அடிக்கும். மேலே வழித்தெடுக்கும் கசடுத் தூளைக் காற்றில் பறக்கவிடாதீர்கள். ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் தூசியாலும் கழுவாத கையாலும்தான்.

ஆறு த்ரோட் அளவுகள், குழலின் பள்ள அளவு, தோட்டாவிலிருந்து பிடுங்கிய குண்டின் விட்டம், ஈயம் ஒட்டும் இடம். இவற்றைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், எதை மாற்றுவது என்று அப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.