சோர்வு, முடி கொட்டுகிறது. எந்தச் சத்து குறைவு என்று தெரிய எல்லா டெஸ்டும் எடுக்க வேண்டுமா?

ஆறு மாதமாகச் சோர்வு, முடி கொட்டுகிறது, ஒரே தடவையில் ஃபுல் பாடி பேக்கேஜ் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எடுத்தேன். 70 சொச்சம் டெஸ்ட், 2,600 ரூபாய், காலை ஆறரைக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். என்ன ஆச்சு என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்கு 42 வயது, சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. உங்களைப் போலவே சோர்வு, முடி. கூடவே ராத்திரி படுத்தால் இரண்டு பாதத்திலும் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும். ரிப்போர்ட் 14 பக்கம் வந்தது. சத்துக் குறைவைத் தேடிப் போன எனக்குச் சிவப்பில் தெரிந்தது தைராய்டு: டிஎஸ்ஹெச் (தைராய்டைச் சுரக்கச் சொல்கிற ஹார்மோன்) தரைமட்டத்தில், டி4 (தைராய்டு சுரக்கிற ஹார்மோன்) உச்சத்தில். பி12 412, நார்மல் என்று போட்டிருந்தது. கூகுளில் தேடி, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று நானே தீர்ப்பு எழுதி, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

டாக்டர் பேப்பரை வாங்கி மேஜையில் வைத்துவிட்டுக் கையை நீட்டச் சொன்னார். நடுக்கம் இல்லை, நாடி சாதாரணம், எடையும் குறையவில்லை. "முடிக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களாம்மா?" என்றார். போட்டுக்கொண்டுதான் இருந்தேன், தினம் 10 மில்லிகிராம் பயோட்டின், முடிக்கு என்று விற்கிற ஒரு பி வைட்டமின், மூன்று மாதமாக.

விஷயம் இதுதான். பல லேப் மெஷின்கள் ஹார்மோனையும் சில வைட்டமின்களையும் அளப்பதற்குப் பயோட்டினையே கொக்கி மாதிரி பயன்படுத்துகின்றன. நம் ரத்தத்தில் அது ஏற்கெனவே நிறைய மிதந்தால் மெஷின் ஏமாந்துவிடும். சில அளவுகள் பொய்யாகக் குறையும், சிலது பொய்யாகக் கூடும். 2017-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டிருக்கிறது, மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனின்கூடத் தப்பாக வரலாம் என்று. மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன். தைராய்டு சுத்தமாக நார்மல். நார்மல் என்று நம்பியிருந்த பி12 தான் 165! சாதாரணமாக 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்பார்கள்.

பி12-ஐயும் மறுபடி எடுக்கச் சொன்னதற்கு டாக்டருக்குத் துப்பு கொடுத்தது அந்த 14 பக்கத்தில் ஒரே பக்கம், எந்தத் தெருமுனை லேபிலும் சில நூறு ரூபாய்க்கு எடுக்கிற சிபிசி, அதாவது ரத்த அணுக்களைக் கணக்கெடுக்கிற டெஸ்ட். ஹீமோகுளோபின் 11.6. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, ஆனால் நம் வீடுகளில் 11.6 என்றால் "பரவாயில்லையே" என்பார்கள், நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 88. அதுவும் நார்மல். ஆனால் அதற்கு இரண்டு மூன்று வரி தள்ளி ஆர்டிடபிள்யூ என்று ஒன்று இருக்கும், யாரும் பார்க்கமாட்டோம், அது 18. 14 சொச்சத்தைத் தாண்டக் கூடாது. அணுக்கள் ஒரே அளவில் இல்லை என்று அர்த்தம். இரும்பு குறைந்தால் அணு சிறுத்துப்போகும், பி12 குறைந்தால் பெருத்துப்போகும், இரண்டும் சேர்ந்து குறைந்தால் பொடிசும் பெரிசும் கலந்து கிடக்கும், சராசரி மட்டும் ஒழுங்காக வந்துவிடும். கடுகையும் கொண்டைக்கடலையையும் கலந்து சராசரி போட்டால் துவரம்பருப்பு அளவு வரும், டப்பாவில் ஒரு துவரம்பருப்புகூட இருக்காது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் பேக்கேஜில் இல்லை (70 டெஸ்டில் இது இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை), தனியாக எடுத்ததில் 8 வந்தது. 15-க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி.

பேக்கேஜில் சீரம் அயர்ன் (ரத்தத்தில் அப்போது ஓடுகிற இரும்பு) இருந்ததே என்பீர்கள். அது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பிட்டால் ஒன்று என்று ஆடிக்கொண்டே இருக்கும், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஃபெரிட்டினுக்கும் ஒரு குறும்பு உண்டு: காய்ச்சல், தொற்று, மூட்டுவீக்கம் இருக்கும்போது அது ஏறிவிடும், உள்ளே காலியாக இருந்தாலும் நிறைந்தது போலக் காட்டும். சளி காய்ச்சலோடு போய் எடுக்காதீர்கள்.

உங்கள் இடத்தில் இருந்தால் சிபிசி, ஃபெரிட்டின், பி12, டிஎஸ்ஹெச், சர்க்கரை, இவ்வளவுதான் எடுப்பேன். எலும்பு வலியோ வெயிலே படாத வேலையோ இருந்தால் வைட்டமின் டி. அதில் 25-ஹைட்ராக்ஸி என்று போட்டிருக்கிறதா பாருங்கள், 1,25 என்பது வேறு டெஸ்ட், குறைபாட்டுக்கு உதவாது. மெக்னீசியத்துக்குக் காசு கட்ட மாட்டேன், உடம்பில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் இல்லை. கால்சியமும் அப்படித்தான், ரத்தத்தில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டிவிடும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். முடியை வெட்டி அனுப்பினால் எல்லா மினரலும் சொல்கிறோம் என்று விளம்பரம் வரும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மாத்திரை ஆரம்பிக்கும் முன்னால் ரத்தம் கொடுங்கள். பத்து நாள் மல்டிவைட்டமின் போட்டுவிட்டுப் போனால் பி12 எண் அழகாக ஏறி நிற்கும், முதலில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சோர்வுக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கிப் போடுவதும் ஆபத்து. ரத்தசோகை தெளியும், பி12 இல்லாமல் நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருக்கும். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று எழுதித் தருவது. எங்கள் எதிர்வீட்டு மாமா அதைத் தினம் ஒன்றாகப் பாலில் கலந்து குடித்துக்கொண்டிருந்தார், மகள் பார்த்து நிறுத்தினாள்.

எண் தெரிந்தபின் ஏன் குறைந்தது என்று கேட்பதுதான் டாக்டருக்கு அதிக நேரம் எடுத்தது. எனக்கு மாதவிடாய் எட்டு நாள் போகும், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் வேறு, அது இரும்பை உறிஞ்சவிடாது. டீயை இரண்டு மணிநேரம் தள்ளிப்போட்டேன், பி12 ஊசி, இரும்பு மாத்திரை, மகப்பேறு டாக்டரிடம் ஒரு ஸ்கேன். ஹீமோகுளோபின் நார்மல் ஆனபிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் இரும்பைத் தொடரச் சொன்னார்கள். எறும்பு ஊருவது நிற்க நாலு மாதம் பிடித்தது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு அம்மாவுக்கும் பி12 எடுத்தோம். 12 வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும், ஆனால் கால் எரிச்சலைச் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிவைத்திருந்தோம். 148 இருந்தது. ஊசி போட்டதில் எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது, மீதி சர்க்கரையால்தான் இருக்கும் என்கிறார் டாக்டர்.