அப்பத்தாவை எங்கே வைப்பது?

அன்புள்ள ஐயா,

நான்கு வருடம் எழுதி ஒரு நாவலை முடித்திருக்கிறேன். 380 பக்கம். காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. ஆங்கிலத்தில் கொண்டுவர யோசிக்கும் ஒரு பதிப்பகம், முடிவையும் சேர்த்து ஒரே பக்கத்தில் கதைச்சுருக்கம் கேட்கிறது. மூன்று வாரமாக எழுதிக் கிழிக்கிறேன். நாவலின் உயிரே அப்பத்தாதான். அவள் பேச்சும் சொலவடையும் சுருக்கத்துக்குள் வரமாட்டேன் என்கின்றன. முடிவைச் சொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

க.

அன்புள்ள க.,

முடிவைச் சொல்லிவிடுங்கள். அதை மறைத்து ஆசை காட்டுவது பின்னட்டை வாசகத்தின் வேலை. சுருக்கத்தைப் படிப்பவர், இந்த நாவலுக்குப் பணமும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் உழைப்பும் போடலாமா என்று பார்க்கிறவர். கதை எங்கே போய் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் பதிகத்தை, அதாவது நூலின் முகப்பில் வரும் முன்னுரைப் பாட்டை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். முப்பது காதைகளின் கதை அதில் சில அடிகளுக்குள் வந்துவிடுகிறது. அதுவும் எப்படி? முலை இழந்த ஒரு பெண் வேங்கை மரத்தடியில் நின்று விண்ணுலகம் போனதைக் குன்றக் குறவர்கள் வந்து இளங்கோவடிகளிடம் சொல்கிறார்கள். முடிவுதான் முதலில். அதற்குப் பிறகே, நடந்தது என்ன என்று அங்கே இருந்த புலவர் சாத்தனார் சொல்கிறார். கணிகையோடு இருந்து கோவலன் பொருளைத் தொலைத்தான். அதனால் சிலம்பை விற்க மதுரைக்குப் போனான். காட்டியதோ அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருந்த கொல்லனிடம். அவன் கோவலனையே கள்வன் என்றான். பாண்டியன் விசாரிக்கவில்லை. அதற்கு 'தேரானாகி' என்று ஒரே சொல். அரசன் செய்த பிழை மொத்தமும் அதற்குள் இருக்கிறது.

கதை சொல்லும் அந்த இடத்தில் மாதவிக்குப் பெயர்கூடக் கிடையாது, கவனித்தீர்களா? வெறும் 'நாடகக் கணிகை'. கோவலனும் மாதவியும் கடற்கரையில் பாடிப் பிரியும் கானல் வரி இல்லை. மதுரைக்கு வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் இல்லை. இவையெல்லாம் இல்லாமல் காப்பியத்தை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனாலும் சுருக்கம் தனியாக நிற்கிறது. ஒன்றால் ஒன்று நடந்தது என்ற சங்கிலி அதில் அறவில்லை.

என் முதல் நாவலுக்கு நானும் இந்தப் பாடு பட்டேன். ஒருநாள் அக்கா முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எழுதியதை வாசித்துக் காட்டினேன். உரித்துக்கொண்டே கேட்டவள் ஓர் இடத்தில் கையை நிறுத்திவிட்டு, "அப்புறம் சரி, அவன் தறியை ஏன்டா வித்தான்?" என்றாள். நாவலில் அதற்கு நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். சுருக்கத்திலோ 'பிறகு தறியை விற்கிறான்' என்று மட்டும் இருந்தது. அன்று இரவே காகிதத்தில் இருந்த 'பிறகு'களை எல்லாம் வட்டமிட்டேன். பதினொன்று. ஒவ்வொன்றையும் 'அதனால்' என்று மாற்ற முடிகிறதா என்று பார்த்தேன். முடியாத இடங்களில் ஒன்று காரணத்தை விட்டிருந்தேன், அல்லது அந்தச் சம்பவமே சுருக்கத்துக்கு வேண்டாதது.

நீங்களும் நாவலை மூடி வைத்துவிட்டு, அதைப் படிக்காத ஒருவரிடம் வாயால் கதையைச் சொல்லுங்கள். அவர் எங்கே 'ஏன்' என்று கேட்கிறாரோ அங்கேதான் எழுத வேண்டியது இருக்கிறது.

அப்பத்தாவின் சொலவடைகள் இந்தப் பக்கத்தில் வேண்டாம். அவற்றுக்காகத்தான் நாவல் இருக்கிறது. மாதிரி அத்தியாயம் கேட்டால் அவள் பேசும் அத்தியாயத்தை அனுப்புங்கள். சுருக்கத்தில் அவள் செய்தது மட்டும் இருக்கட்டும். அவள் ஒரு பேச்சு பேசி, அல்லது பேசாமல் இருந்து, அந்த வீட்டில் எதை மாற்றினாள்? அதை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். படித்துவிட்டு உடனே பதில் போடுகிறேன்.