கையடக்க கேமிங் கருவியில் பேட்டரியும் நீடித்து, ஆட்டமும் தடுமாறாமல் இருக்க வழி உண்டா?

கேள்வியை அனுப்பியவர் தம்மிடம் அசுஸ் நிறுவனத்தின் ஆர்ஓஜி அலை (ROG Ally) என்னும் கையடக்கக் கருவி இருப்பதாகவும், அதைச் சிப் 25 வாட் வரை எடுக்கும் டர்போ நிலையில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடுவதாகவும், 10 வாட் மட்டும் எடுக்கும் சைலன்ட் நிலையில் வைத்தால் பெரிய ஆட்டங்கள் திணறுவதாகவும் எழுதியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பதில் எழுத முன்வந்திருக்க மாட்டேன். "எல்லாவற்றையும் குறைத்து வைத்துத்தான் விளையாட வேண்டுமென்றால் இவ்வளவு விலை எதற்கு?" என்று கடைசியில் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார். வீட்டிலும் அலுவலகத்திலும் இதே கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டுச் சலித்தவன் என்பதால், இதற்குப் பதில் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் நிலைமையை நானாகவே ஊகித்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணையில் வாங்கியிருப்பீர்கள். யூடியூபில் பார்த்த எண்கள் உங்கள் கையிலும் வருகின்றனவா என்று அறிய, திரையின் மூலையில் பிரேம் எண்ணிக்கையை, அதாவது விநாடிக்கு எத்தனை படங்கள் வரையப்படுகின்றன என்பதை, ஓடவிட்டு, ஆட்டத்தை மறந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அத்தகைய காணொளிகளில் பல, சார்ஜரைச் செருகி 30 வாட்டில் ஓட்டி எடுக்கப்பட்டவை; அதைத் தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு.

உங்கள் பேட்டரியில் பழுது எதுவும் இல்லை. உங்கள் கருவியிலும் சரி, நான் வைத்திருக்கும் பழைய எல்சிடி திரை கொண்ட ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவியிலும் சரி, இருப்பது 40 வாட்-மணி பேட்டரிதான்; அதாவது 40 வாட் செலவை ஒரு மணி நேரம் தாங்கும். 25 வாட் என்பது சிப்புக்கு மட்டும் ஒதுக்கப்படும் மின்சாரம். திரை, எஸ்எஸ்டி சேமிப்பகம், வைஃபை, விசிறி ஆகியவை எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் மொத்தச் செலவு 35 வாட்டை எட்டிவிடும். 40-ஐ 35-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும்தான் கிடைக்கும்.

அந்த 25 வாட்டில் கடைசிப் பத்து வாட் உங்களுக்கு எதை வாங்கித் தருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சிப்பின் மின்செலவு அதன் கடிகார வேகத்தைப் பொறுத்து மட்டும் ஏறுவதில்லை, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் ஏறுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்டியே ஆக வேண்டும். வேகம் 20 சதவீதமும், அதற்காக மின்னழுத்தம் 10 சதவீதமும் கூடுவதாக வைத்துக்கொள்வோம். 1.2-ஐ 1.21-ஆல் பெருக்கினால், மின்செலவு ஏறத்தாழ 45 சதவீதம் கூடியிருப்பது தெரியும். ஆகவே உச்சத்தில் கிடைக்கும் சில பிரேம்களுக்குத்தான் பேட்டரி மிக அதிகமான விலையைக் கொடுக்கிறது. அந்தச் சில பிரேம்களை விட்டுக்கொடுத்தவன் கருவியை வீணாக்குகிறான் என்று யாராவது சொன்னால், அவர் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மேலும், குறைத்து வைப்பது நாமாகக் கண்டுபிடித்த கஞ்சத்தனம் அன்று. இந்தக் கருவிகளை உருவாக்கியவர்களே அதைத்தான் செய்துவந்திருக்கிறார்கள். 1989-இல் குன்பெய் யோகோய் தலைமையிலான குழு வடிவமைத்த நின்டெண்டோ கேம் பாய்க்கு நிறமும் இல்லை, திரைக்குப் பின்விளக்கும் இல்லை. ஆனால் நான்கு ஏஏ பேட்டரிகளில் சுமார் பதினைந்து மணி நேரம் ஓடியது. அதற்கு அடுத்த ஆண்டு ஜப்பானில் வெளிவந்த சேகாவின் கேம் கியர், வண்ணத் திரையும் பின்விளக்குமாக வந்து, ஆறு ஏஏ பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் சுமார் ஒரு கோடியோடு நின்றது. விற்பனைக்குப் பேட்டரி ஒன்றே காரணம் என்று நான் வாதாடவில்லை, டெட்ரிஸ் ஆட்டத்தின் பங்கும் எனக்குத் தெரியும். சோனியின் பிஎஸ்பி என்னும் கையடக்கக் கருவியில் 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடிய சிப்பை வைத்துவிட்டு, 2007 வரை ஆட்டங்களை 222-க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தார்கள். நின்டெண்டோ ஸ்விட்சின் கிராபிக்ஸ் சிப், டிவியோடு இணைத்தால் 768 மெகாஹெர்ட்ஸில் ஓடும். கையில் எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதில் பாதி அல்லது பாதிக்கும் குறைவு. கோடிக்கணக்கானோர் அதில் மகிழ்ச்சியாக விளையாடினார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் கருவிகளில் அந்தக் குறைப்பை நம் கையிலேயே விட்டிருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இனி என் கதை. என் ஸ்டீம் டெக்கைத் தங்கை வீட்டுக்காரர் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கிவந்தார். நான் அதிகமாக விளையாடுவது எழும்பூரிலிருந்து நெல்லைக்குப் போகும் இரவு ரயிலில். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளின் சார்ஜிங் பாயிண்டுகளுக்கு மின்சாரம் கிடையாது என்பது ரயில்வேயின் பாதுகாப்பு ஏற்பாடு. அதற்கு முன்பும், ஸ்லீப்பர் வகுப்பின் மேல் படுக்கையில் இருப்பவனுக்குக் கீழேயுள்ள பாயிண்ட் எட்டாது. எட்டினாலும் அதில் ஏற்கெனவே யாருடைய போனாவது தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே வீட்டில் ஏற்றிக்கொண்டு வந்த 40 வாட்-மணிதான் எனக்கு முழுச் சொத்து.

தொடக்கத்தில் விட்சர் 3 ஆட்டத்தைக் கருவி வந்தபடியே, எந்த வரம்பும் இல்லாமல் ஓட்டினேன். மே மாதத்து வெக்கையில், கூரைக்குக் கீழே, மொத்தச் செலவு 24, 25 வாட் என்று காட்டியது. விசிறியின் இரைச்சல் செங்கல்பட்டு வருவதற்குள் நடுப் படுக்கைப் பெரியவரை எழுப்பிவிட்டது. "தம்பி, அது என்ன, ஏதோ உறுமிக்கிட்டே இருக்கு? வெடிக்கிற சாமான் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா, விளையாட்டுச் சாமான்தான், நிறுத்திடுறேன்" என்று அணைத்துவிட்டுப் படுத்தேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நெல்லை வந்து சேர்ந்ததும் என் மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர், "நாற்பது வயசுல உனக்கு இது தேவையா?" என்றார், அது வேறு கதை.

அதன் பிறகு நான் வகுத்துக்கொண்ட முறையை உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன். வாட்டை முதலில் தொடாதீர்கள். எத்தனை பிரேம் போதும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எனக்குப் பெரிய ஆட்டங்களில் 40 போதும். 40 என்றவுடன் முகம் சுளிப்பவர்கள், ஒரு பிரேம் திரையில் நிற்கும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். 30-இல் அது 33.3 மில்லி விநாடி, 60-இல் 16.7, இந்த இரண்டுக்கும் சரிநடு 25. அந்த 25 மில்லி விநாடிதான் 40 பிரேம். அதாவது 30-இலிருந்து பத்தே பிரேம் கூட்டினால் 60-க்குப் போகும் வழியில் பாதி தூரம் கடந்தாயிற்று. ஆனால் திரையின் புதுப்பிப்பு வேகமும், அதாவது விநாடிக்கு எத்தனை முறை (ஹெர்ட்ஸ்) திரை படத்தை மாற்றுகிறது என்பதும், அதோடு ஒத்துப்போக வேண்டும். என் டெக்கின் திரையை 40 ஹெர்ட்ஸுக்கு இறக்க முடிகிறது. உங்கள் அலையின் 120 ஹெர்ட்ஸ் திரையில் 40 மும்முறை சரியாக அடங்கும் என்பதால் உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

பிரேமுக்கு வரம்பு வைத்த பிறகு, ஆட்டத்திலேயே மிகக் கனமான இடத்துக்குப் போய் நில்லுங்கள். விட்சர் 3-இல் அது நோவிகிராட் நகரத்துச் சந்தை. வெட்டவெளியில் நின்று பரிசோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பினால், ஊருக்குள் நுழைந்தவுடன் தடுமாறும். அந்தக் கனமான இடத்தில் நின்றபடி சிப்பின் வாட் வரம்பை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிரேம் நேரத்தைக் காட்டும் கோடு நேராக இருக்கும்வரை குறைக்கலாம். சுருக்கம் விழத் தொடங்கினால் ஒரு வாட் ஏற்றிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுங்கள். வரம்பு மிகவும் உயரத்தில் நின்றால், நிழல்களையும் புல்வெளி அடர்த்தியையும் முடி அசைவுகளையும் குறையுங்கள். பொருள்களின் பரப்பில் ஒட்டப்படும் படங்களின் (டெக்ஸ்சர்) தரத்தைக் குறைக்க வேண்டாம், அது நினைவகத்தை அடைக்குமே தவிர மின்சாரத்தில் பெரிதாகக் கை வைக்காது. இப்படிச் செய்ததில் என் டெக்கின் மொத்தச் செலவு 15, 16 வாட்டுக்கு வந்தது. பெரியவரை எழுப்பாமல், விழுப்புரம் தாண்டும்வரை, மொத்தம் இரண்டரை மணி நேரம் விளையாட முடிகிறது.

சைலன்ட்டில் உங்களுக்கு ஆட்டம் திணறுவதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். இந்தச் சிப்புகளில் கணக்குப் போடும் சிபியூவும் படம் வரையும் ஜிபியூவும் ஒரே பானையிலிருந்து சோறு அள்ளுபவை. 10 வாட்தான் மொத்தம் என்னும்போது, சிபியூ தேவையில்லாமல் உச்ச வேகத்துக்குத் தாவினால், படத்தை வரைய வேண்டிய ஜிபியூவுக்கு அடியில் கிடக்கும் பருக்கைகள்தான் மிஞ்சும். உங்களுடையது போன்ற விண்டோஸ் கருவிகளில் இப்படி உச்ச வேகத்துக்குத் தாவும் சிபியூ பூஸ்டை அணைத்துவிட்டு அதே வாட்டில் ஓட்டிப் பாருங்கள். பல ஆட்டங்களில் பிரேம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். சிபியூவை அதிகம் நம்பியிருக்கும் ஆட்டங்களில் மட்டும் இது எதிர்மாறாகப் போகலாம். இன்னொன்று, உங்களுடையது இசட்1 எக்ஸ்ட்ரீம் சிப் என்றால் அதில் எட்டு கோர்கள் (சிபியூவின் தனித்தனி வேலைப் பகுதிகள்) இருக்கின்றன, என்னுடையதில் நான்கு. 15 வாட்டுக்கு மேல் உங்களுடையது என்னுடையதை எளிதில் முந்திவிடும். வாட் குறையக் குறைய அந்த இடைவெளி சுருங்கும். அதனால் 10-இலேயே பிடிவாதமாக நிற்காமல் 12, 13 வாட்டில் முயலுங்கள்.

திரை வெளிச்சத்தைக் குறைப்பதா வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். அது எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்தது. ஸ்டார்டூ வேலி போன்ற லேசான ஆட்டத்தில் மொத்தச் செலவு 8 வாட் என்றால் 40 வாட்-மணி 5 மணி நேரம் வரும். அதில் ஒரே ஒரு வாட்டை மிச்சப்படுத்தினால் ஏறத்தாழ 43 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். 25 வாட் எடுக்கும் ஆட்டத்தில் அதே ஒரு வாட்டை மிச்சப்படுத்தினால் கிடைப்பது நான்கே நிமிடம். ஆகவே லேசான ஆட்டத்தில் வெளிச்சத்தைக் குறையுங்கள், வைஃபையை அணையுங்கள். கனமான ஆட்டத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு இருட்டில் விளையாடுவதால் பயனில்லை.

"இவ்வளவு பாடுபடுவதற்கு ஒரு பவர் பேங்க் வாங்கிக்கொள்ளலாமே" என்று யாராவது எழுதத்தான் போகிறார்கள். வாங்கலாம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதை விற்பவர்கள் சொல்லும் கணக்கு எனக்குத் தீராத எரிச்சல். ஒரு கடையில், 20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்று எழுதியிருந்ததைக் காட்டி, "சார், உங்க மெஷினுக்கு நாலு தடவை ஃபுல் சார்ஜ் ஏறும்" என்றார் விற்பனையாளர். அந்த எம்ஏஎச் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு உரியது. 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-மணி; மின்னழுத்தத்தை மாற்றும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தால் 40 வாட்-மணி பேட்டரிக்கு ஒன்றரைத் தடவை வந்தாலே பெரிது. அதைச் சொன்னதற்கு, "கம்பெனியே போட்டிருக்கான் சார்" என்றார். பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் வாட்-மணியும் அச்சிடப்பட்டிருக்கும், அதைப் பாருங்கள். வெளியீடு 45 வாட்டாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். 18 வாட் வெளியீடு உள்ள பவர் பேங்கைச் செருகிக்கொண்டு 25 வாட்டில் விளையாடினால், செருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்ட விலைக்கு வருகிறேன். உங்கள் 1080பி தெளிவுத்திறன் திரையில் ஆட்டத்தை 720பி-க்கு இறக்கினால், வரைய வேண்டிய புள்ளிகள் 20 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 9 லட்சத்துச் சொச்சத்துக்கு வந்துவிடும். ஏழு அங்குலத் திரையில், சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் கூர்மையாக்கும் எஃப்எஸ்ஆர் வசதியின் துணையோடு, ஒரு முழங்கை தூரத்தில் அதன் வித்தியாசம் எனக்குத் தெரிவதில்லை. கூர்மையான கண் உள்ளவர்களுக்குத் தெரியலாம், அவர்களோடு சண்டையில்லை. வீட்டில் டிவியோடு இணைக்கும்போது 30 வாட்டும் உங்களுடையதுதான், அப்போது எதையும் குறைக்காதீர்கள். ஆனால் எப்போதும் செருகியே வைத்திருப்பவராக இருந்தால் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். லித்தியம் பேட்டரி முழு சார்ஜிலும் சூட்டிலும் கிடந்தால்தான் விரைவில் கிழடாகிறது. என் டெக்கின் பேட்டரி உள்ளே பசையால் ஒட்டப்பட்டது, இங்கே மாற்றுவதும் எளிதன்று. அதனால் பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும்தான் அந்த வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றுகிறேன்.