இறைச்சியை விட்டேன், கொழுப்பு விடவில்லை!

கேள்வி: நான்கு மாதமாக மீன், இறைச்சி, முட்டை எதையும் தொடவில்லை. ஆனாலும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 161-லிருந்து 157-க்குத்தான் வந்திருக்கிறது. தாவர உணவு கொழுப்பைக் குறைக்கும் என்பதெல்லாம் சும்மாவா, டாக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள். 46 வயதில் நானும் இதையேதான் செய்தேன். இறைச்சியை விட்டுவிட்டு அந்த இடத்தில் சீஸ் சாண்ட்விச், மாலையில் கிரீம் பிஸ்கட். மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 158-லிருந்து 154. ஊருக்கெல்லாம் உணவுப் பட்டியல் எழுதித் தருகிற ஆள் நான்!

விட்டது சரி. அந்த இடத்தில் என்ன வந்தது? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுப்பது கல்லீரல். வெண்ணெய், சீஸ், பாமாயில், தேங்காய் எண்ணெயில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். பாமாயிலும் தேங்காய் எண்ணெயும் செடிகொடி வகைதான், ஆனால் கல்லீரல் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

அடுத்தது நார்ச்சத்து. ஓட்ஸ், பார்லி, பீன்ஸ், வெண்டைக்காய் இவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் கொழகொழவென்று கூழாகி, செரிமானத்துக்காகக் கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. சாதாரணமாக அந்த அமிலங்களில் 95 சதவீதம் திரும்பக் கல்லீரலுக்கே போய்விடும். போகாவிட்டால் கல்லீரல் புதிதாகச் செய்தாக வேண்டும். அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். எனவே ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுக்கும். சீஸ் சாண்ட்விச்சில் இந்த வேலைக்கு ஆளே இல்லை.

2003-இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 46 பேரை வைத்து ஒரு மாதம் பார்த்தது. நிறைவுற்ற கொழுப்பை மட்டும் குறைத்தவர்களுக்கு எல்டிஎல் 8 சதவீதம் இறங்கியது. அதோடு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் எடுத்தவர்களுக்கு 30.9. மாத்திரை இல்லாமல் ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், தாவர ஸ்டீரால் (கொலஸ்ட்ராலைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் தாவரப் பொருள்) எல்லாம் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு 28.6! ஆனால் அவர்களுக்குச் சாப்பாட்டை ஆய்வாளர்களே கொடுத்தார்கள். 2011-இல் ஆலோசனை மட்டும் சொல்லி, அவரவர் வீட்டில் சாப்பிடவிட்டபோது ஆறு மாதத்தில் 13 சதவீதம்தான். நிஜ வாழ்க்கை அப்படித்தான். எனக்கு 154 போய் 129 ஆனது. தினமும் சுமார் 75 கிராம் ஓட்ஸ், ஒரு கிண்ணம் பீன்ஸ், ஒரு கைப்பிடி பாதாம். பிஸ்கட்டைக் கைவிடத்தான் அதிகம் கஷ்டப்பட்டேன்.

மூன்று மாதம் இப்படிச் சாப்பிட்டும் அசையவில்லை என்றால் தைராய்டைப் பாருங்கள். குடும்பத்தில் சிறு வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள், பரம்பரைக் கொழுப்புக்கு மாத்திரை தேவைப்படும். அப்புறம், பால் பொருட்களையும் விடப்போகிறீர்கள் என்றால் வைட்டமின் பி12 மாத்திரையை மறக்கவேண்டாம்.

கேள்வி: அழற்சி குறையும் என்று நம்பி ஒரு மாதமாகத் தாவர உணவு. சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6 என்று வந்திருக்கிறது. முன்பு 2 தான். பத்து நாளாக ஈறு வேறு வீங்கியிருக்கிறது. உணவு ஒத்துக்கொள்ளவில்லையோ?

பதில்: பாவம், பீன்ஸ் மேல் பழி போடாதீர்கள். ஈறு வீங்கினாலும் சளி பிடித்தாலும் சிஆர்பி ஏறும். எங்கே தீப்பிடித்திருக்கிறது என்று அந்த எண்ணுக்குச் சொல்லத் தெரியாது. மேலே சொன்ன 2003 ஆய்வில் தாவர உணவுக் குழுவுக்கு சிஆர்பியும் 28 சதவீதம் இறங்கியது உண்மைதான். நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் குடல் சுவருக்கு நல்லது. தொப்பை கரைந்தால் இன்னும் இறங்கும், ஏனென்றால் வயிற்றுக் கொழுப்பும் சிஆர்பியை ஏற்றும். ஆனால் ஈறில் சீழை வைத்துக்கொண்டு இதையெல்லாம் அளக்க முடியாது. முதலில் பல் மருத்துவரிடம் போங்கள். குணமாகி இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.