கேள்வி–பதில்: கடல் கடந்த பங்காளிகள்

பிரிட்டனும் அமெரிக்காவும் 2025 மே மாதம் செய்துகொண்ட வரி உடன்பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். ஆண்டுக்கு ஒரு லட்சம் பிரிட்டிஷ் கார்கள் வரை 10 சதவீத வரியில் அமெரிக்காவுக்குள் செல்லலாம் என்பது அதன் முக்கிய அம்சம். அதையொட்டி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்கள் கார்களைத் தள்ளி வைத்துவிட்டு இரு நாடுகளின் உறவைப் பற்றியே கேட்டிருப்பதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், உதகமண்டலம்: ஐயா, வணக்கம். ஒரே மொழி பேசும் இந்த இரு நாடுகளும் அடிக்கடி முறைத்துக்கொள்கின்றன. ஆனால் பிரிவதே இல்லை. இதில் நாடகம் எது, சண்டையா, நட்பா?

இரண்டுமே நாடகம் அல்ல. நம் ஊர்ப் பங்காளிகள் வரப்புத் தகராறுக்காக நீதிமன்றம் ஏறினாலும், குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு ஒரே இடத்தில்தான் அடுப்பு மூட்டுவார்கள் அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும். ஆனால் இங்கே ஒரு பங்காளி மட்டும் அளவுகடந்த செல்வந்தராகிவிட்டார். மற்றவருக்கு அது இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை.

1956ஆம் ஆண்டின் சூயஸ் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலுடன் இரகசியமாகத் திட்டமிட்டு, அமெரிக்காவுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அக்டோபர் இறுதியில் எகிப்தின் மீது படையெடுத்தன. அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. ஹங்கேரியில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்துக்கொண்டிருந்த அதிபர் ஐசனோவருக்கு, தம் நெருங்கிய நட்பு நாடே அதே செயலைச் செய்தது பெரும் சங்கடத்தை உண்டாக்கியது. அவர் படையை அனுப்பவில்லை, பணத்தில் கை வைத்தார். பவுண்டின் மதிப்பு ஆட்டம் கண்டு, பிரிட்டன் பன்னாட்டு நாணய நிதியத்தின் உதவியை நாடியபோது, படைகள் திரும்பும்வரை அந்த வழி திறக்காமல் அமெரிக்கா பார்த்துக்கொண்டது. நவம்பர் 6 அன்று பிரிட்டன் போரை நிறுத்தியது. டிசம்பருக்குள் படைகள் வெளியேறின. பிரதமர் ஈடன் 1957 ஜனவரியில் பதவி விலகினார். ஒரு நேச நாட்டை இன்னொரு நேச நாடு இவ்வளவு வெளிப்படையாகத் தலைகுனிய வைத்த நிகழ்வுகள் உலக வரலாற்றில் அதிகம் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். ஈடனுக்கு அடுத்து வந்த மேக்மில்லன் 1957 மார்ச்சில் பெர்முடா தீவில் ஐசனோவரைச் சந்தித்தார். சூயஸ் அவமானம் நடந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 1958 ஜூலையில், அணு ஆயுத இரகசியங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. போர்க்காலத்தில் அணுகுண்டை உருவாக்கக் கைகோத்திருந்த பிரிட்டனுக்கு, 1946இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றிக் கதவைச் சாத்தியிருந்தது. பிரிட்டன் தனியாகப் பாடுபட்டு 1952இல் ஆஸ்திரேலியக் கடலோரத் தீவுகளில் தன் முதல் குண்டை வெடித்தது. சாத்திய அந்தக் கதவு, சண்டை உச்சத்திற்குப் போய் வந்த பிறகே திறந்தது என்பது எனக்கு வியப்பான செய்தி. தனித்து நிற்க இயலாது என்று சூயஸில் கற்றுக்கொண்ட பிரிட்டன் அமெரிக்காவை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டது. அதே பாடத்தைக் கற்ற பிரான்ஸ் எதிர்த் திசையில் நடந்தது. ஆகவே, சேர்ந்தே இருப்பது பிரிட்டன் அறிந்தே செய்த தேர்வு என்றுதான் நான் கருதுகிறேன். அதற்கு இரத்த பாசத்தைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது.

அந்தத் தேர்வைத் திரும்பப் பெறுவது இன்று எளிதல்ல. பிரிட்டனின் நான்கு அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல்களில் உள்ள டிரைடன்ட் ஏவுகணைகள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடற்படைத் தளத்தில் இருக்கும் பொதுக் கையிருப்பிலிருந்து எடுக்கப்படுபவை. அவற்றின் முனையில் பொருத்தப்படும் குண்டுகள் மட்டுமே பிரிட்டனில் செய்யப்படுபவை. உளவுத் தகவல்களைப் பகிரும் உடன்பாடு 1946 மார்ச் 5 அன்று இரகசியமாகக் கையெழுத்தானது. அதன் முழு வாசகம் 2010இல்தான் வெளியிடப்பட்டது. வியட்நாமுக்குப் படை அனுப்பப் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன் மறுத்தபோதும், பிரிட்டிஷ் அரசியாரைத் தலைவராகக் கொண்ட கிரெனடா தீவின் மீது 1983இல் அமெரிக்க அதிபர் ரீகன் படையெடுத்துப் பிரதமர் தாட்சரைச் சினங்கொள்ள வைத்தபோதும், இந்த அடித்தளம் அசையவில்லை.

தேயிலை விவசாயி, குன்னூர்: அமெரிக்கர்கள் கடலில் கொட்டிய தேயிலை இந்தியாவுடையது என்று என் பேரன் சொல்கிறான். உண்மையா?

இல்லை. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட 342 பெட்டிகளிலும் இருந்தது சீனத் தேயிலை. அப்போது நீலகிரியில் ஒரு தேயிலைச் செடிகூட இல்லை. இங்கே தோட்டங்கள் வணிக அளவில் எழுந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். ஆயினும், பேரன் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அந்தத் தேயிலையின் உரிமையாளர் கிழக்கிந்தியக் கம்பெனி. வங்காளத்தைக் கைப்பற்றிய பின்னும் கடனில் மூழ்கியிருந்த அக்கம்பெனியைக் காப்பாற்றவே, கிடங்கில் தேங்கிய சரக்கை அமெரிக்காவில் நேரடியாக விற்க நாடாளுமன்றம் வழிவகுத்தது. இதனால் தேயிலையின் விலை குறைந்தது என்பதுதான் வேடிக்கை. விலை குறைந்தாலும் ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸ் வரி நீங்கவில்லை. தங்கள் பிரதிநிதி இல்லாத மன்றம் விதித்த வரியைக் கொடுக்க அவர்கள் மறுத்தார்கள். கடத்தல் தேயிலையில் ஆதாயம் கண்டுவந்த வணிகர்களும் அந்தக் கோபத்துக்கு விறகு போட்டார்கள் என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

காப்பித் தோட்டக்காரர், தாண்டிக்குடி: அமெரிக்காவில் தோற்ற கார்ன்வாலிஸும் நம் நாட்டுக்கு வந்த கார்ன்வாலிஸும் ஒருவரா?

ஒருவரேதான். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் சரணடைந்தபோது, உடல்நலமில்லை என்று சொல்லித் தம் வாளை ஒப்படைக்கத் துணைத் தளபதியை அனுப்பிவைத்தவர் இவர். ஐந்தே ஆண்டுகளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானார். திப்பு சுல்தானுடன் போரிட்டு, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அவருடைய அரசின் பாதியைப் பறித்தார். அப்போது கம்பெனியின் பங்காக வந்தவற்றில் திண்டுக்கல் சீமையும் ஒன்று. ஒரு கண்டத்தை இழந்துவிட்டு வந்தவர் உங்கள் மலையடிவாரத்தைப் பிடித்துக்கொண்டார்.

கல்லூரி மாணவி, கொடைக்கானல்: ஊட்டியை ஆங்கிலேயர் அமைத்தார்கள், கொடைக்கானலை அமெரிக்கர்கள் அமைத்தார்கள் என்கிறார்கள். ஆங்கிலேயர் இதை எப்படி அனுமதித்தார்கள்?

உடனே அனுமதிக்கவில்லை. 1812 ஜூனில் கல்கத்தாவில் வந்திறங்கிய முதல் அமெரிக்க மதபோதகர்களைக் கம்பெனி வெளியேறச் சொன்னது. அதே மாதம்தான் இரு நாடுகளுக்கும் இடையே இரண்டாவது போர் மூண்டிருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் பர்மாவுக்குப் போனார். பின்னால் வந்தவர்கள் 1816இல் யாழ்ப்பாணத்தில் கால் ஊன்றினார்கள். கம்பெனியின் சாசனம் 1833இல் புதுப்பிக்கப்பட்டு வெளிநாட்டாருக்கான தடைகள் தளர்ந்த பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்தே மதுரைக்கு வந்து 1834இல் அமெரிக்கன் மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். சமவெளியின் காய்ச்சலும் காலராவும் குடும்பம் குடும்பமாகப் பலி கொண்டதால், மலைமேல் குடியிருப்பைத் தேடி 1845இல் உங்கள் ஊரில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள்.

அடுத்த தலைமுறையில் இரு நாட்டாரும் அங்கே அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாகிவிட்டனர். 1863இல் ஏரியை உருவாக்கிய லெவிஞ்ச் மதுரை ஆட்சியராக இருந்த ஆங்கிலேயர். 1901இல் இன்றைய பன்னாட்டுப் பள்ளியைத் தொடங்கியவர்கள் அமெரிக்க மதபோதகர்கள்.

வாசகர், கோத்தகிரி: இந்திய விடுதலைக்காக ரூஸ்வெல்ட் சர்ச்சிலுடன் சண்டையிட்டார் என்பது எவ்வளவு தூரம் சரி?

சண்டையிட்டார், ஆனால் ஓர் எல்லையோடு நிறுத்திக்கொண்டார். 1941 ஆகஸ்டில் இருவரும் நியூஃபவுண்ட்லாந்து கடலில் கப்பலில் சந்தித்து வெளியிட்ட அட்லாண்டிக் சாசனத்தின் மூன்றாம் கூறு, தங்கள் ஆட்சிமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்றது. அடுத்த மாதமே சர்ச்சில் நாடாளுமன்றத்தில், அது ஹிட்லரின் பிடியிலுள்ள ஐரோப்பிய நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று கூறி இந்தியாவை விலக்கிவிட்டார். சாசனம் உலகம் முழுமைக்கும் பொருந்தும் என்று 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் அறிவித்தார். பிரிட்டன் அனுப்பிய கிரிப்ஸ் தூதுக்குழு இந்தியத் தலைவர்களுடன் நடத்திய பேச்சு ஏப்ரலில் முறிந்தபோது, இன்னொரு முறை முயலுங்கள் என்று அவர் அனுப்பிய செய்தி சர்ச்சிலைக் கொதிக்க வைத்தது. 1943இல் அவருடைய தூதர் வில்லியம் பிலிப்ஸ், சிறையிலிருந்த காந்தியடிகளைச் சந்திக்கக் கேட்டார், வைசிராய் மறுத்தார். ரூஸ்வெல்ட்டும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஜெர்மனியை வெல்ல அவருக்குச் சர்ச்சில் வேண்டியிருந்தார். நம் கோரிக்கை காத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

தொழிற்சாலை ஓய்வூதியர், அருவங்காடு: இரண்டாம் உலகப் போர்ச் செலவுக்காக பிரிட்டன் பட்ட கடனை அடைத்ததா?

அமெரிக்காவுக்கு அடைத்தது, மெதுவாக. போர் முடிந்ததும் அமெரிக்கா 1945 ஆகஸ்டில் உதவிச் சரக்கை ஒரேயடியாக நிறுத்தவே, பொருளியலறிஞர் கெயின்ஸ் வாஷிங்டனுக்குப் போய்ப் பல வாரங்கள் பேசி, 2 சதவீத வட்டியில் 375 கோடி டாலர் கடன் பெற்றுவந்தார். நன்கொடையாகவே கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு அது கசப்பான பயணம். கடைசித் தவணை 2006 டிசம்பர் இறுதியில் செலுத்தப்பட்டது.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறொரு கணக்கு முக்கியம். போர்க்காலத்தில் இந்தியா அனுப்பிய பொருள்களுக்கும் படைகளுக்கும் பிரிட்டன் ரொக்கம் கொடுக்கவில்லை. இலண்டனில் வரவு வைத்தது. அந்தத் தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டியது. அமெரிக்கக் கடன் ஒப்பந்தத்திலேயே, இத்தகைய நாடுகளுக்குத் தர வேண்டியதில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளும் நோக்கம் எழுதப்பட்டிருந்தது. அதாவது, கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் மேசையில் இல்லாத மூன்றாமவரின் பாக்கியைக் குறைப்பது பற்றிப் பேசினார்கள். இந்தியத் தரப்பு அந்தக் குறைப்பை ஏற்கவில்லை.

தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர், கூடலூர்: இலங்கைத் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்களை யாரும் கேட்கவில்லை. டியேகோ கார்சியா தீவு மக்களுக்கும் அப்படித்தான் நடந்ததா?

ஆம், அதைவிடக் கொடுமையாக. அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு தளம் தேவைப்பட்டது. பிரிட்டன் 1965இல் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்து வைத்து, 1966இல் டியேகோ கார்சியாவை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு, போலாரிஸ் ஏவுகணைக்காக பிரிட்டன் தர வேண்டியதில் 1.4 கோடி டாலரை அமெரிக்கா ஓசையின்றித் தள்ளுபடி செய்தது. 1968க்கும் 1973க்கும் இடையில் தீவு மக்கள் அனைவரும் அகற்றப்பட்டு மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள். அவர்களுடைய நாய்கள்கூடக் கொல்லப்பட்டன. உங்கள் குடும்பங்களுக்கு அரசின் தேயிலைத் தோட்டங்களிலாவது வேலை கிடைத்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை. தீவுகளை மொரீஷியஸிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும் என்று பன்னாட்டு நீதிமன்றம் 2019இல் கருத்துரைத்தது. இறையாண்மையை மொரீஷியஸுக்குத் தந்து, தளத்தை 99 ஆண்டுக் குத்தகையில் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் 2025 மே 22 அன்று பிரிட்டன் கையெழுத்திட்டது. இம்முறையும் தீவு மக்களில் பலர், தங்களைக் கேட்கவில்லை என்றே முறையிட்டார்கள்.

உருளைக்கிழங்கு விவசாயி, எமரால்டு: காட்டுப்பன்றியால் நாங்கள் படும் பாட்டைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பன்றிக்காக இந்த இரு நாடுகளும் போருக்கு நின்றது உண்மைதானே?

உண்மை, அந்தப் பன்றி தின்றதும் உருளைக்கிழங்குதான். 1859 ஜூனில், வட அமெரிக்காவின் மேற்குக் கடலோரத்தில், எல்லை தெளிவாக வரையறுக்கப்படாத சான் ஜுவான் தீவில், பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் பன்றியை ஓர் அமெரிக்கக் குடியேறி சுட்டுக் கொன்றார். ஒரு பக்கம் காலாட்படையும் மறுபக்கம் போர்க்கப்பல்களும் வந்து நின்றன. நல்லவேளையாக, இரு தரப்புத் தளபதிகளும் நிதானம் இழக்கவில்லை. 1872இல் ஜெர்மானியப் பேரரசர் நடுவராக இருந்து தீவை அமெரிக்காவுக்குத் தீர்ப்பளித்தார். செத்தது பன்றி மட்டுமே.

இராணுவக் குடும்பத்தைச் சேர்ந்த இல்லத்தரசி, வெலிங்டன்: எங்கள் ஊருக்குப் பெயர் தந்த வெலிங்டன் பிரபு அமெரிக்கர்களுடன் போரிட்டாரா?

1812இல் மூண்ட அந்த இரண்டாவது போருக்கு அவர் போகவில்லை; அவருடைய மைத்துனர் எட்வர்டு பக்கன்ஹாம் போனார். 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கரின் அரண்களை நேருக்கு நேர் தாக்கச் சென்று உயிரிழந்தார். அவருடைய படையில் ஏறத்தாழ 2,000 பேர் மாண்டோ காயமுற்றோ விழுந்தனர். இன்றைய பெல்ஜியத்திலுள்ள கெண்ட் நகரில் இரு நாட்டுத் தூதர்களும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அப்போது இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன; அந்தச் செய்தியைச் சுமந்த கப்பல் இன்னும் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தது. ஆனால் இரு அரசுகளும் ஏற்று உறுதிசெய்தால்தான் சண்டை நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால், சட்டப்படி பார்த்தால் அவர் இறந்தது போர்க்காலத்தில்தான்.