கேளுங்க, சொல்றேன்: ஒரே ரவுட்டர்ல ரெண்டு கேஜ் தண்டவாளம்

கேள்வி: வணக்கம் அண்ணே. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டக் கம்பெனில ஐ.டி. வேலை எல்லாம் நான்தான், ஒத்த ஆளு. ஹெட் ஒபிஸ் ஹட்டன்ல, ரெண்டு பெக்டரி, அதோட டூரிஸ்ட்காரங்களுக்கு வாடகைக்கு விடுற பழைய துரை பங்களா ஒண்ணு. போன மாசம் பங்களால தங்குன ஒருத்தரு கெஸ்ட் வைஃபைல இருந்துக்கிட்டே பெக்டரி கெமரா லொகின் பக்கத்தத் தொறந்து, மேனேஜருக்கே ஸ்கிரீன்ஷொட் அனுப்பிட்டாரு. நான் வீலேன் (ஒரே சுவிட்ச்சுக்குள்ள தனித்தனி நெட்வேர்க்) எல்லாம் பிரிச்சுத்தான் வச்சிருக்கேன், பெறகு எப்படி? கொழும்புல இருக்க கூட்டாளி வி.ஆர்.எஃப். போடுடாங்கிறான். ரெண்டு பெக்டரி கெமராவும் 192.168.1-லதான் ஓடுது, பூட்ட வந்தவங்க அப்படியே வச்சிட்டுப் போய்ட்டாங்க. அதையும் வி.ஆர்.எஃப். சரி பண்ணிருமா?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: தம்பி, அந்த மனுசன் ஸ்கிரீன்ஷொட்டோட நிறுத்திக்கிட்டாரே, அதுக்கே ஒரு பெக்கட் தேத்தூள் குடுத்து அனுப்பிருக்கணும். சம்பளக் கணக்கு இருக்க செக்ரோல் சர்வரும் அதே மாதிரி தொறந்துதான் கெடந்திருக்கும், அவரு தேடல, அவ்வளவுதான்.

வீலேன் பிரிச்சது தப்பில்ல. ஆனா அது சுவிட்ச் மட்டத்துலதான் பிரிக்கும். ஒவ்வொரு வீலேனுக்கும் கேட்வேன்னு ஒரு ஐ.பி.ய அதே ரவுட்டர்ல குடுத்தீங்கல்ல, அந்த நிமிசமே ரவுட்டர் தன்னோட டேபிள்ல, அதாவது வழிப் பட்டியல்ல, எல்லாத்தையும் எழுதி வச்சிக்கிச்சு, கெஸ்ட்டு இந்தப் பக்கம், கெமரா அந்தப் பக்கம், செக்ரோல் அதுக்கு அடுத்ததுன்னு, இனி யாரு கேட்டாலும் கொண்டு போய் விட்டுரும், ஏன்னா அதோட வேலையே அதுதான். தடுக்கச் சொல்லி நீங்க ஒண்ணும் சொல்லலையே.

வி.ஆர்.எஃப்.ங்கிறது (வேர்ச்சுவல் ரவுட்டிங் அன்ட் ஃபோர்வர்டிங்) ஒரே ரவுட்டருக்குள்ள அந்த டேபிளையே தனித்தனியா வைக்கிறது. முன்னொரு காலத்துல நானுஓயாவுல இருந்து நுவரெலியா வழியா ராகலைக்கு ஒரு குட்டி ரயில் ஓடுனது தெரியுமா, ரெண்டரை அடி தண்டவாளம். கொழும்பு பதுளை மெயின் லைன் அஞ்சரை அடி. ஸ்டேசன் ஒண்ணுதான், ஆனா குட்டி ரயில் தப்பித்தவறிக்கூட மெயின் லைன்ல ஏற முடியாது. சரக்கு மாறணும்னா பிளாட்ஃபோர்ம்ல எறக்கி, ஆளு பாத்து, மத்த ரயில்ல ஏத்தணும். அந்த பிளாட்ஃபோர்ம்தான் உங்க ஃபயர்வோல். கெஸ்ட் டேபிள்ல செக்ரோலுக்குப் போற வழியே எழுதியிருக்காது, அதனால தடுக்கிறதுங்கிற பேச்சே இல்ல, போகத் தெரியாது.

சும்மா ஏ.சி.எல். (யாரு எங்க போகலாம், போகக்கூடாதுன்னு எழுதுற பட்டியல்) போட்டா போதாதான்னு கேப்பீங்க. ஒரே கட்டடமா இருந்தா நான் அதைத்தான் சொல்லிருப்பேன், வி.ஆர்.எஃப். வீண் வேலை. உங்களுக்கு நாலு எடம், ஒத்த ஆளு, புது வீலேன் ஒண்ணு போடுறப்போ ஒரு வரி எழுத மறந்தா மறுபடி எல்லாம் தொறந்துரும். வி.ஆர்.எஃப்.ல மறந்தா வேலை செய்யாது, ஒடனே ஃபோன் வரும், அந்த மறதி நல்லது.

எத்தன வேணும்? ஒபிஸ், கெமரா, கெஸ்ட், மூணு போதும். டிபார்ட்மென்டுக்கு ஒண்ணுன்னு ஒம்பது போட்டு வச்சிட்டு பிரிண்டருக்கு வழி தேடி அழுதவங்கள பாத்திருக்கேன். பேங்க் கார்ட் மெசின் பங்களாவுல இருந்தா அதுக்கு மட்டும் நாலாவது ஒண்ணு போடலாம்.

பெக்டரில இருந்து ஹட்டனுக்கு வர்ற லைன்லதான் பலரு கோட்டை விடுறாங்க. ரவுட்டருக்குள்ள மட்டும் பிரிச்சிட்டு லைன்ல எல்லாத்தையும் ஒண்ணா அனுப்புனா மறுமுனைல மறுபடி கலந்துரும். எம்.பி.எல்.எஸ். (பெரிய கம்பெனிங்க பெக்கட்டுக்கு லேபல் ஒட்டி அனுப்புற முறை) இல்லாம இப்படிச் செய்றதுக்கு வி.ஆர்.எஃப். லைட்டுன்னு பேரு, அதுல ஒவ்வொரு லைன்லயும் ஒவ்வொரு வி.ஆர்.எஃப்.க்கும் தனி சப் இன்டர்ஃபேஸ், தனி வீலேன் டேக், தனி ரவுட்டிங் வேணும், ரவுட்டருங்க தங்களுக்குள்ள வழி சொல்லிக்கிற ஓ.எஸ்.பி.எஃப்.னா தனி புரொசஸ். லைன் குடுக்குற கம்பெனிகிட்ட ஒரே கேள்வி கேளுங்க, டேக் போட்டத அப்படியே மறுபக்கம் விடுவீங்களான்னு. விடமாட்டோம்னா ஒவ்வொரு வி.ஆர்.எஃப்.க்கும் ஒரு ஜி.ஆர்.இ. டனல் (பெக்கட்ட இன்னொரு பெக்கட்டுக்குள்ள வச்சு அனுப்புறது) போட்டு, என்கிரிப்ட் பண்ண மேல ஐபிசெக் போடணும். வி.ஆர்.எஃப். வழியத்தான் பிரிக்கும், எதையும் என்கிரிப்ட் பண்ணாது. டனல் போட்டா எம்.டி.யு.வ (ஒரு பெக்கட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கிற அளவு) பாருங்க, ஜி.ஆர்.இ. மட்டுமே 24 பைட் தின்னுரும், 1500-ல 1476தான் மிச்சம், ஐபிசெக் இன்னும் கொறைக்கும். பிங் போகுது, ஆனா சில பக்கம் மட்டும் பாதில நிக்குதுன்னா பெரும்பாலும் இதான்.

கெஸ்ட்ட ஹட்டன் வரைக்கும் இழுத்துட்டே வராதீங்க. பங்களாவுலயே இன்டர்நெட் இருந்தா அங்கயே வெளிய விட்டுருங்க.

இப்போ அந்த 192.168.1. ஒரே நம்பர் வேற வேற வி.ஆர்.எஃப்.ல இருந்தா பிரச்சினையே இல்ல, டேபிள் வேறதானே. ஆனா நீங்க ரெண்டு பெக்டரி கெமராவயும் ஒரே கெமரா வி.ஆர்.எஃப்.லதானே போடப் போறீங்க, ஹட்டன்ல உக்காந்து ரெண்டையும் பாக்கணுமே? அப்போ ஒரே டேபிள்ல ஒரே நம்பர் ரெண்டு எடத்துல, மோதல்தான். கூட்டாளி இத சொல்லிருக்க மாட்டாரு. பெக்டரிக்கு ஒரு வி.ஆர்.எஃப். போட்டு நடுவுல என்.ஏ.டி. (ஐ.பி. நம்பர மாத்திக் காட்டுறது) பண்ணலாம்தான், ஆனா நாலு மாசம் கழிச்சு நீங்களே பாத்தா புரியாது. ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்கி ஒரு பெக்டரி கெமராவ 10.20-ன்னு தொடங்குற நம்பருக்கு மாத்திருங்க, வேலை அதோட முடியும்.

இன்னொண்ணு, சிஸ்கோ ரவுட்டர்னா இன்டர்ஃபேஸ வி.ஆர்.எஃப்.ல போட்ட ஒடனே அதுல இருந்த ஐ.பி. அழிஞ்சிரும், திருப்பி அடிக்கணும். இத நான் படிச்சு தெரிஞ்சுக்கல. வீட்டுல இருந்துக்கிட்டே தூரத்து ரவுட்டர்ல, அதுவும் நான் உள்ள வந்த அதே இன்டர்ஃபேஸ்ல அடிச்சுட்டேன், ஸ்கிரீன் அப்படியே நின்னுச்சு. பெறகு மழைலயும் பனிலயும் பைக்க எடுத்துக்கிட்டு டிக்கோயா வரைக்கும் போய் கேபிள் குத்தி சரி பண்ணிட்டு வந்தேன். நீங்க நேர்ல போய் கொன்சோல்ல உக்காந்து செய்ங்க, இல்லாட்டி பத்து நிமிசத்துல தானா ரீலோட் ஆகுற மாதிரி வச்சிட்டு செய்ங்க.

முடிஞ்சதும் சாதா பிங் அடிச்சுட்டு போகலையேன்னு பயப்படாதீங்க, அது எந்த வி.ஆர்.எஃப்.லயும் சேராத குளோபல் டேபிளத்தான் பாக்கும், வி.ஆர்.எஃப். பேரையும் சேத்து அடிக்கணும். டி.எச்.சி.பி. ரிலே (ஐ.பி. கேக்குறத சர்வருக்குக் கடத்துறது), என்.டி.பி. (நேரம் சரி பண்றது), லொக் அனுப்புறது எல்லாத்துக்கும் இதே கதைதான், எந்த வி.ஆர்.எஃப்.ல போகணும்னு சொல்லணும். சாமான் வாங்க முந்தியே மாடலைப் பாருங்க, மலிவு சுவிட்ச் பலதுல இது கெடையாது, சிலதுல இருந்தாலும் லைசன்ஸ் தனிக் காசு.

கேள்வி: ஏப்ரல் சீசன்ல எங்க ஹோட்டல் லைன் இழுபறிதான், ரிசப்சன்ல பில் போடக்கூட முடியல. கெஸ்ட்டுக்கு தனி வி.ஆர்.எஃப். போட்டா சரியாகுமா சேர்?
(வாசகர், நுவரெலியா)

பதில்: ஆகாது. வழிதான் தனி, ரோட்டோட அகலம் அதேதான். கெஸ்ட்டுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு வேக அளவு வைங்க, பில் கொம்பியூட்டருக்கு கியூ.ஓ.எஸ்.ல (எந்த டிராஃபிக் முந்திப் போகணும்னு சொல்ற செட்டிங்) முன்னுரிமை குடுங்க. அதுக்கும் மசியலேன்னா சீசனுக்கு மட்டும் ரெண்டாவது லைன்.

கேள்வி: ஆர்.டி.யும் ஆர்.டி.யும்னு ரெண்டு இருக்காமே, ரூட் டிஸ்டிங்குயிஷர், ரூட் டார்கெட். பாடத்துல ரெண்டுக்கும் ஒரே நம்பரையே எழுதிக் காட்டுறாங்க, அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?
(வாசகி, பதுளை)

பதில்: இல்ல தங்கச்சி, பழக்கத்துல ஒரே நம்பர் எழுதுறதால வர்ற குழப்பம் அது. டிஸ்டிங்குயிஷர் 64 பிட், 32 பிட் ஐ.பி.க்கு முன்னால ஒட்டி 96 பிட்டா ஆக்குது, லைன் குடுக்குற கம்பெனியோட எம்.பி.எல்.எஸ். நெட்வேர்க்ல ரெண்டு கஸ்டமர் ஒரே 10.1 வச்சிருந்தாலும், வழிகளக் கடத்துற பி.ஜி.பி.க்கு வேற வேறயா தெரியணும்னு. அத்தோட டிஸ்டிங்குயிஷரோட வேலை முடிஞ்சுது. யாரு யாரோட ரூட்ட எடுத்துக்கணும்னு சொல்றது டார்கெட்தான், ஒரு பக்கம் எக்ஸ்போர்ட், மறுபக்கம் இம்போர்ட். இது 2006-ல வந்த ஆர்.எஃப்.சி. (இன்டர்நெட் தர ஆவணம்) 4364-ல இருக்கு, அதுக்கு முந்தினது 1999-ல வந்த 2547.

பழகிப் பாக்க ரவுட்டர் வாங்க வேணாம். 2015-ல வந்த லினக்ஸ் 4.3 கர்னல்ல இருந்தே வி.ஆர்.எஃப். இருக்கு, பழைய லெப்டொப் போதும். ரெண்டு வி.ஆர்.எஃப். போட்டு ரெண்டுலயும் ஒவ்வொரு இன்டர்ஃபேஸ சேத்து, ரெண்டுக்கும் அதே 192.168.1.1-ஏ குடுத்துப் பாருங்க, ஒண்ணோட ஒண்ணு மோதாது.